ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் எழுத்து மாறுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த வட்டாரத்து ஸ்டுடியோக்களிலும் டிடிபி கடைகளிலும் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடைகளிலும் ஒரே கணினியில் பல டிரைவ்கள் இணைந்திருக்கும். நேற்று 'இ' என்று காட்டிய ஹார்ட் டிஸ்க் இன்று 'ஜி' ஆகிவிடும். ஆல்பம் திறக்காது, டேலி கம்பெனியைக் காணோம் என்னும், பேக்கப் வேறெங்கோ போய்ச் சேரும். கீழே உள்ள விடைகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளையும் மெனுக்களையும் ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

டிரைவைக் காணோம், 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது. என்ன செய்வது?

'கேன்சல்' கொடுங்கள். டிஸ்க்குகளைப் பார்த்து மாற்ற உதவும் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திரையைத் திறந்ததும் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று பெட்டி வந்தாலும் கேன்சல்தான். எழுத்து மாறுவதால் ஒரு ஃபோட்டோகூட அழியாது. அந்தப் பதற்றத்தில் அழுத்தும் 'ஓகே'தான் அழிக்கும். புத்தம்புது டிஸ்க் வாங்கி முதன்முதலில் மாட்டும்போது மட்டுமே அந்த இரண்டுக்கும் சம்மதிக்கலாம்.

இன்னொரு காரணத்தாலும் இந்தக் கேள்வி வரும். வெளிப்பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினால், அல்லது வேறு பெட்டியில் போட்டால், சில பெட்டிகளின் சர்க்யூட் செக்டர் அளவை 512-இலிருந்து 4096 பைட்டாக மாற்றிக் காட்டுவதால் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) படிக்க முடியாததாகத் தோன்றும். பழைய பெட்டியிலேயே திரும்பப் போட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். சில பெட்டிகள் தரவைத் தாமே என்கிரிப்ட் செய்பவை. அவற்றிலும் இதே கதைதான்.

எழுத்து ஏன் மாறுகிறது?

எழுத்து டிஸ்க்குக்குள் எழுதப்பட்டிருப்பதில்லை. விண்டோஸில் மவுண்ட் மேனேஜர் என்று ஒரு பகுதி உண்டு. புதிய பார்ட்டிஷன் ஒன்றைப் பார்த்ததும் காலியாக உள்ள முதல் எழுத்தை அதற்குக் கொடுத்து, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே பார்ட்டிஷன் வந்தால் குறிப்பைப் பார்த்து அதே எழுத்தைத் தரும். அதற்குள் வேறொன்று அந்த எழுத்தில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த காலி எழுத்துக்குத் தள்ளிவிடும். 'மாறுகிறது' என்ற புகார்களில் பெரும்பாலானவை இப்படி இடம் பறிபோனவைதான்.

'அதே பார்ட்டிஷன்' என்பதை விண்டோஸ் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில்தான் மற்ற சிக்கல்கள் எல்லாம் இருக்கின்றன.

டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு முறைகள் உண்டு. பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் 4 பைட் கொண்ட டிஸ்க் சிக்னேச்சரும், பார்ட்டிஷன் தொடங்கும் இடமும் சேர்ந்துதான் அடையாளம். ஜிபிடி முறையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 16 பைட்டில் தனி அடையாள எண் உண்டு. வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் இதுவே பொருந்தும். பென் டிரைவும் மெமரி கார்டும் அப்படியல்ல. அவற்றை விண்டோஸ் கருவியின் பெயர், சீரியல் எண் ஆகியவற்றைக் கொண்ட பாதையை வைத்து நினைவில் வைக்கிறது. மலிவான பென் டிரைவ் சிலவற்றில் சீரியல் எண்ணே இருக்காது. அப்போது எந்த யுஎஸ்பி துளையில் செருகினீர்கள் என்பதே அடையாளமாகிவிடும். துளை மாறினால் அது புது டிரைவ், புது எழுத்து. அப்படிப்பட்ட பென் டிரைவுக்கு ஒரே துளையை ஒதுக்கிவிடுவதைத் தவிர வழியில்லை.

எங்கள் கடையில் 'ஜி' என்று வைத்த டிஸ்க், பாறசாலை ஸ்டுடியோவில் 'இ' என்கிறது. டிஸ்க் பழுதா?

பழுது இல்லை. குறிப்பு இருப்பது உங்கள் கணினியின் ரிஜிஸ்ட்ரியில். டிஸ்க் எல்லை தாண்டினாலும் குறிப்பு கூடப் போகாது. பெண் வீட்டுக் கல்யாணத்தை இங்கே எடுத்து, வரவேற்பை அங்கே எடுத்து, ஒரே டிஸ்க்கில் எடிட்டிங் ஓட்டுகிறவர்கள் இரண்டு கணினியிலும் ஒரே எழுத்தைத் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். 'டபிள்யூ' என்று இரு கடையும் பேசி வைத்துக்கொண்டால் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் 'மீடியா ஆஃப்லைன்' தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

டிஸ்க்கோடு கூடவே போவது அதன் லேபிள். அதனால் லேபிள் வையுங்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்த முறை என்டிஎஃப்எஸ் என்றால் 32 எழுத்து வரை, எக்ஸ்ஃபேட், ஃபேட்32 என்றால் 11 எழுத்து. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் தமிழிலோ மலையாளத்திலோ லேபிள் வைத்தாலும் எக்ஸ்ப்ளோரரில் அழகாகத் தெரியும். ஆனால் கறுப்புக் கட்டளைத் திரையில் வெறும் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ வரக்கூடும். அந்தத் திரையில் டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட்டில் எது எது என்று தெரியாமல் கை வைப்பது ஆபத்து. லேபிள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

எழுத்தை நிலையாக வைக்கும் சரியான முறை என்ன?

முதலில் பென் டிரைவ், கார்டு ரீடர், ஃபோன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எப்போதும் இணைந்திருக்க வேண்டிய டிஸ்க்குகள் மட்டும் இருக்கட்டும். பிறகு:

1. விண்டோஸ் கீயும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' தேர்ந்தெடுங்கள்.
2. லேபிளையும் அளவையும் பார்த்து உரிய பார்ட்டிஷனை உறுதி செய்யுங்கள். எழுத்தைப் பார்த்து அல்ல, குழம்பியிருப்பதே அதுதான்.
3. அதன் மேல் ரைட் கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'சேஞ்ச்'.
4. பட்டியலில் பின்பக்கத்து எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே. எழுத்தை நம்பியிருக்கும் புரோகிராம் ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கும்; 'யெஸ்'.
5. ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அடுத்து ஷட் டவுன் செய்து, மறுபடி போட்டும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு. காரணம் கீழே வருகிறது.

இரண்டு டிஸ்க்குகளின் எழுத்தை ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டுமானால் நேரடியாக முடியாது. 'இ'யை முதலில் 'டி'-க்கோ வேறு காலி எழுத்துக்கோ ஒதுக்கி வைத்து, 'எஃப்'ஐ 'இ' ஆக்கி, பிறகு ஒதுக்கி வைத்ததை 'எஃப்' ஆக்குங்கள். அந்த டிஸ்க்கில் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) இருந்தால் முதலில் அதை சி-க்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்த பிறகே எழுத்தை மாற்ற முடியும்.

எந்த எழுத்தைத் தேர்வது நல்லது?

'எம்' அல்லது அதற்குப் பிந்தியது. விண்டோஸ் தானாகக் கொடுப்பது முன்னாலிருந்து: டி, இ, எஃப் என்று போகும். நெட்வொர்க் டிரைவ் மேப் செய்யும்போது (வேறு கணினியின் ஃபோல்டருக்கு இங்கே எழுத்து கொடுக்கும்போது) அது பின்னாலிருந்து, 'இசட்'டில் தொடங்கிப் பரிந்துரைக்கும். ஆகவே எம் முதல் டபிள்யூ வரை உள்ள நடுப்பகுதியில் யாரும் வந்து மோத மாட்டார்கள். வெளி டிஸ்க்குக்கு 'டி' கொடுத்து வைப்பதுதான் மிகவும் மோசமான தேர்வு: ஒருநாள் அதைக் கழற்றியிருக்கும்போது வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவ் அதில் ஏறிக்கொள்ளும்.

கார்டு ரீடர் மாட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை. சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு. நாலு துளை உள்ள ரீடர் நாலு எழுத்தைப் பிடித்துக்கொள்ளும், கார்டு இல்லாவிட்டாலும். காலி டிரைவை எக்ஸ்ப்ளோரர் மறைத்துவிடுவதால் எழுத்து போன இடம் கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் கீழ்ப்பகுதியில் 'ரிமூவபிள், நோ மீடியா' என்று இருக்கும் பெட்டிகளைப் பாருங்கள். இடப்பக்கக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தை மாற்றலாம், பயன்படாத துளையின் எழுத்தை நீக்கியும் விடலாம்.

எழுத்து கொடுக்கிறேன், வேலை செய்கிறது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் எழுத்தே இல்லாமல் போகிறது. ஏன்?

இது மேலே சொன்ன மோதல் அல்ல, வேறு வகை. மூன்று இடத்தில் தேட வேண்டும்.

முதலாவது, பார்ட்டிஷன் மேலேயே 'எழுத்து கொடுக்காதே' என்ற குறி இருக்கலாம். குளோனிங் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும்), பார்ட்டிஷன் மென்பொருள்கள் சில இதை விட்டுச் செல்கின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட் என்று அடியுங்கள். 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து உங்கள் டிரைவின் எண்ணைப் பாருங்கள். 3 என்று வைத்துக்கொண்டால் 'செலக்ட் வால்யூம் 3', பிறகு 'ஆட்ரிபியூட்ஸ் வால்யூம்'. வரும் நாலு வரியில் 'ஹிடன்', 'நோ டிஃபால்ட் டிரைவ் லெட்டர்' இரண்டுக்கும் எதிரே 'நோ' இருக்க வேண்டும். 'யெஸ்' இருந்தால் 'ஆட்ரிபியூட்ஸ் வால்யூம் கிளியர் நோடிஃபால்ட்டிரைவ்லெட்டர்' என்று அடியுங்கள். கடைசிச் சொல் இடைவெளி இல்லாமல் ஒரே சொல். மறைப்புக் குறிக்கு அதே வரியின் முடிவில் 'ஹிடன்'. பிறகு எழுத்தைக் கொடுங்கள்: 'அசைன் லெட்டர்=' என்று எழுதி, ஒட்டியே எழுத்து. எம்பிஆர் டிஸ்க்கில் இந்தக் குறி அந்த டிஸ்க் முழுவதற்கும் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள். ஜிபிடியில் அந்தப் பார்ட்டிஷனுக்கு மட்டும்.

இரண்டாவது, பார்ட்டிஷனின் வகை தவறாக இருக்கலாம். டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்கையும் பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுத்து 'டீடெயில் பார்ட்டிஷன்' கொடுங்கள். எம்பிஆர் டிஸ்க்கில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் என்றால் வகை 07 இருக்க வேண்டும். 17 என்பது மறைத்த என்டிஎஃப்எஸ், 27 என்பது ரிக்கவரி. உங்கள் தரவு பார்ட்டிஷன்தான் என்று உறுதியானால் 'செட் ஐடி=07' போதும். கம்பெனி கணினியில் வரும் 100 எம்பி இஎஃப்ஐ (கணினி பூட் ஆகத் தேவைப்படுவது), சில நூறு எம்பி ரிக்கவரி ஆகிய பார்ட்டிஷன்களுக்கு எழுத்து இல்லாதிருப்பதே சரி, அவற்றைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, தானாக எழுத்து தரும் வசதியே அணைந்திருக்கலாம். டிஸ்க்பார்ட்டில் 'ஆட்டோமவுண்ட்' என்று மட்டும் அடித்தால் நிலையைச் சொல்லும். அணைந்திருந்தால் 'ஆட்டோமவுண்ட் எனேபிள்'.

பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டியில் குளோன் செய்தோம். இரண்டையும் மாட்டினால் ஒன்று 'ஆஃப்லைன்' என்கிறது.

குளோன் செய்தால் டிஸ்க் சிக்னேச்சரும் சேர்ந்தே நகலாகிவிடும். ஒரே அடையாளத்தில் இரண்டு டிஸ்க் இருக்க விண்டோஸ் விடாது. ஒன்றை ஆஃப்லைன் ஆக்கி, 'சிக்னேச்சர் கொலிஷன்' என்று காரணம் சொல்லும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுத்தால் அதற்குப் புதிய சிக்னேச்சர் எழுதப்படும். தரவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த டிஸ்க்கிலிருந்து இனி விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், அதன் பழைய எழுத்துகளும் மறந்துவிடும்.

அதனால் வரிசை முக்கியம். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஒரு முறை பூட் செய்யுங்கள். சி சரியாக வந்தால், பிறகு பழையதை மாட்டி ஆன்லைன் ஆக்குங்கள். அடையாள எண்ணைப் பார்க்க, டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'யுனீக்ஐடி டிஸ்க்' என்று அடித்தால் போதும்.

நெட்வொர்க் டிரைவ் சிவப்புக் குறியோடு வருகிறது. சில நேரம் பென் டிரைவே தெரிவதில்லை.

மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் என்பது நீங்கள் லாகின் செய்த பிறகு உங்கள் கணக்குக்கு மட்டும் உருவாவது. வைஃபை இணையுமுன் லாகின் நடந்துவிட்டால் சிவப்புக் குறி விழும். டபுள் கிளிக் செய்தால் போய்விடும். மவுண்ட் மேனேஜருக்கு இந்த எழுத்துகள் தெரியாத சந்தர்ப்பமும் உண்டு. அப்போது பென் டிரைவுக்கும் அதே எழுத்தைக் கொடுத்துவிடும். பென் டிரைவ் பின்னால் மறைந்துபோகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் இருக்கும், அங்கே எழுத்தை மாற்றினால் தெரியும்.

கடைக்குள் டேலியைப் பகிர்கிறவர்கள் மேப் செய்த எழுத்தை விட்டுவிட்டு முழுப் பாதையையே கொடுப்பது எங்கள் பரிந்துரை: \\கடை1\டேலி என்ற மாதிரி, கணினிப் பெயரும் பகிர்ந்த ஃபோல்டரும். எழுத்து என்ற பேச்சே அங்கே இல்லை. தமிழ்நாட்டுக்கு ஒரு ஜிஎஸ்டி பதிவு, கேரளத்துக்கு ஒன்று என்று இரண்டு கம்பெனி ஓட்டும் ரப்பர் வியாபாரிகளுக்கு இது இன்னும் அவசியம். எழுத்து இடம் மாறி ஒரு மாநிலத்து பில் மற்ற மாநிலத்துக் கணக்கில் ஏறினால் திருத்துவது பெரும் வேலை.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாக இருக்கிறது, அணைத்துப் போட்டால் மாறுகிறது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உட்கருவை டிஸ்க்கில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் போடும். 'ரீஸ்டார்ட்' மட்டுமே முழுப் புதுத் தொடக்கம். அணைத்தபின் டிஸ்க்கை மாற்றி மாட்டினால் விண்டோஸின் நினைவும் நிஜமும் பொருந்தாது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போய், மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை அழுத்தி, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் இழப்பது சில வினாடிகள்தான். டிஸ்க் அடிக்கடி கழற்றி மாட்டும் ஸ்டுடியோவில் இது அணைந்தே இருக்க வேண்டும்.

மின்தடை வந்தால், இடி மழைக்குப் பிறகு, டிரைவ் காணாமல் போய் வேறு எழுத்தில் வருகிறது.

இது அமைப்புச் சிக்கல் அல்ல, மின்சாரம் அல்லது கேபிள். நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடி வெளுத்து வாங்கும். வேலை நடக்கும்போதே டிஸ்க் ஒரு கணம் அறுந்து மறுபடி இணைந்தால், பழைய எழுத்தை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாக வந்தது வேறு எழுத்தில் ஏறும்.

ஊகிக்க வேண்டாம், இவென்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்', 'சிஸ்டம்' பாருங்கள். மூலம் 'டிஸ்க்' என்று உள்ள வரிகளில் எண் 157 என்றால் டிஸ்க் திடீரென அறுந்தது. 153 என்றால் படிக்க, எழுத மறுமுயற்சி நடந்தது. 11 கன்ட்ரோலர் பிழை, கேபிளில் தொடங்குங்கள். 7 என்றால் பேட் பிளாக்: வேறு எதையும் சோதிக்காமல் உடனே தரவை வெளியே எடுங்கள்.

கேபிளைப் பொறுத்தவரை, கடற்கரைக் காற்றும் ஈரமும் சாட்டா முனைகளைக் கறுக்க வைக்கும்; கழற்றி மாட்டிப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் புதுக் கேபிளே போடுங்கள். வெளி 2.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. கேபினட்டின் முன்பக்கத் துளையும் நீட்டிப்புக் கேபிளும் இதைக் குறைத்துவிடும். பின்பக்கம், மதர்போர்டிலேயே உள்ள துளையில் செருகுங்கள். யுபிஎஸ்ஸும் ஒழுங்கான எர்த்தும் இல்லாத கடையில் மேலே சொன்ன எந்தத் திருத்தமும் நிலைக்காது. இடி நெருங்கினால் பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களும் மாறுகின்றன. இதையும் சரி செய்யணுமா?

வேண்டாம். அந்த எண் ஒவ்வொரு பூட்டிலும் கண்டுபிடித்த வரிசைதான், எழுத்தோடு சம்பந்தமில்லை. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் அழிந்தாலும் மாறும். ஆனால் எண்ணை நம்பி டிஸ்க்பார்ட் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தால் இன்றே நீக்குங்கள். 'செலக்ட் டிஸ்க் 1, கிளீன்' என்பது நாளை வேறு டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

எழுத்தே தேவைப்படாத வழி இருக்கிறதா?

இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம். சி டிரைவில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள், 'கல்யாணம்' என்றே வைக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதே எழுத்து மாற்றும் பெட்டியில் 'ஆட்' அழுத்தி, 'மவுண்ட் இன் த ஃபாலோயிங் எம்ப்ட்டி என்டிஎஃப்எஸ் ஃபோல்டர்' தேர்ந்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். இனி 4 டிபி டிஸ்க் முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் திறக்கும். எழுத்து எதுவாக மாறினாலும் பாதை மாறாது. எழுத்தும் ஃபோல்டரும் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். டிஸ்க் இணைந்திராதபோது பிழை காட்டும்; தவறி சி-யில் எழுதிவிடாது.

தானியங்கி பேக்கப் தவறான டிஸ்க்கில் எழுதிவிடுமா?

எழுதும். அழிக்கவும் செய்யும். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் '/மிர்' இருந்தால் மூலத்தில் இல்லாத கோப்புகளைச் சேருமிடத்திலிருந்து நீக்கிவிடும். அந்த எழுத்தில் வாடிக்கையாளரின் டிஸ்க் இருந்தால் அவர் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் போயின. பேக்கப் டிஸ்க்கில் மட்டும் ஒரு சிறு அடையாளக் கோப்பு வையுங்கள். பேட்ச் கோப்பின் முதல் வரியிலேயே 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்' கொண்டு அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 'எக்ஸிட்' என்று நிறுத்துங்கள். இந்த ஒரு வரி இல்லாத பேக்கப்பை ஓட்டவே வேண்டாம்.

ரிஜிஸ்ட்ரியில் பழைய குறிப்புகளை அழித்துவிடலாமா?

கையால் வேண்டாம். ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், மவுண்டட்டிவைசஸ் என்ற இடத்தில் அவை இருக்கின்றன. அதை மொத்தமாக அழிக்கச் சொல்லும் ஆலோசனை பரவலாக உண்டு. சிஸ்டம் டிரைவின் எழுத்து இடம் மாறி லாகின் செய்ய முடியாமல் போகலாம். இப்போது இணைந்திராத டிரைவ்களின் குறிப்புகளை மட்டும் நீக்க 'மவுண்ட்வால் /ஆர்' போதும். உங்களுக்கு வேண்டிய வெளி டிஸ்க்குகளை எல்லாம் மாட்டிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அவற்றின் எழுத்துகளும் மறந்துபோகும்.

ரிப்பேர் திரையில் சி டிரைவ் 'டி' என்று வருகிறது.

சரிதான். அந்தத் திரை தனி விண்டோஸ். தன் எழுத்துகளைத் தானே கொடுத்துக்கொள்ளும், தனக்கு 'எக்ஸ்' வைத்துக்கொள்ளும். அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை. கட்டளை கொடுக்குமுன் மட்டும் 'லிஸ்ட் வால்யூம்' பார்த்து விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேரளப் பள்ளிகளில் தரும் கைட் லினக்ஸ் கணினியிலும் இப்படி ஆகுமா?

அது உபுண்டு அடிப்படையிலானது. லினக்ஸில் டிரைவ் எழுத்தே கிடையாது. ஆனால் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறலாம். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயரை எழுதாமல், 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் யுயுஐடியை (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) எழுதுங்கள். கழற்றி மாட்டும் டிஸ்க் என்றால் அதே வரியில் 'நோஃபெயில்' சேருங்கள், டிஸ்க் இல்லாத நாளில் கணினி பூட் ஆகாமல் நிற்காது. அந்தக் கணினியில் லினக்ஸ் முறையான இஎக்ஸ்டி4-ஆக ஃபார்மேட் செய்த டிஸ்க் விண்டோஸில் எழுத்தோடு திறக்காது, ஃபார்மேட் கேட்கும். கேன்சல் கொடுத்து லினக்ஸ் கணினியிலேயே எக்ஸ்ஃபேட் டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்துக் கொண்டுவாருங்கள்.